அரைவெளிச்ச முட்டைகள்

கூமுட்டை என்ற சொல்லைத் திட்டுவதற்கு அல்லாமல், அந்தப் பொருளுக்காகவே நாள் முழுக்கச் சொல்கிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் இவளும் ஒருத்தி. குஞ்சு பொரிப்பகத்தில் இருட்டறை வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே மேஜை, மேஜைக்கு அடியிலிருந்து வரும் அதே வெளிச்சம். எல்லோருக்கும் அவள் இருட்டறை அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த மேனேஜரே சில சமயம் வாய்தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, அது இருமல் என்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

வேலை இதுதான். பெரிய பெரிய மெஷின்களில் பத்து நாள் சூட்டில் இருந்த முட்டைகள், தட்டுக்கு நூற்றைம்பதாக இருட்டறைக்கு வரும். தட்டை மேஜைமேல் வைத்தால் அடியிலிருந்து வெளிச்சம் பாயும். உள்ளே கரு நன்றாக வளர்ந்திருந்தால் முட்டை இருட்டாகத் தெரியும். கருவே பிடிக்காதது பளிச்சென்று எரியும், அதுதான் கூமுட்டை. இரண்டுக்கும் நடுவில் மங்கலாகத் தெரிவதற்கு அரைவெளிச்சம் என்று பெயர். அது நாலைந்து நாள் வளர்ந்து செத்துப்போனது. பளிச்சையும் அரைவெளிச்சத்தையும் பொறுக்கித் தொட்டியில் போட வேண்டும். தொட்டி நிறைந்தால் பின்கட்டில் இருக்கும் அரைக்கும் மெஷினுக்குப் போகும்.

மற்ற இரண்டு பெண்களுக்கு ஒரு தட்டுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். அவளுக்கு முக்கால் நிமிஷம். கண் பார்த்து, மனசு யோசித்து, கை எடுப்பது என்று மூன்று வேலையாக அவளுக்கு நடப்பதில்லை. பார்த்த மாத்திரத்தில் கையில் முட்டை இருக்கும். அவள் எடுத்ததை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அவள் செத்தது என்றால் செத்ததுதான். எமனுக்குக்கூட ஓலையைப் பார்க்க வேண்டும், உனக்கு அதுகூட வேண்டாம் என்று அவள் கணவர் சொல்வார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

கணவர் லிப்ட் மெக்கானிக். ஒருநாள் பழைய ஏணி ஒன்று வாங்கப் போனார். மூடிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் சாமான்களை நடைபாதையில் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஏணி கிடைக்கவில்லை. ஒரு மரப்பெட்டியோடு வீடு திரும்பினார். பெட்டிக்குள் ஒரு மைக்ராஸ்கோப், அதன் அடியில் வெளிச்சத்தைத் திருப்ப ஒரு சின்னக் கண்ணாடி, இரண்டு டஜன் ஸ்லைடு, அட்டை கிழிந்த ஒரு செய்முறைப் புத்தகம். ஏணிக்குப் போனவர் இதை ஏன் வாங்கினார் என்ற கேள்விக்கு அந்த வீட்டில் இன்றுவரை பதில் கிடையாது.

முதல் மாதம் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். உப்பைப் பார்த்தாள், வெங்காயத் தோலைப் பார்த்தாள், கணவரின் பொடுகைப் பார்த்தாள். அப்புறம் ஒருநாள், தினமும் ஆயிரக்கணக்கில் தூக்கிப் போடுகிறோமே, உள்ளே என்னதான் இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியதுதான் தாமதம், சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் ஈரத்துணி சுற்றி ஒரு முட்டை வீட்டுக்கு வந்துவிட்டது.

இது பெரிய குற்றம். பொரிப்பகத்துக்குள் போகும்போது குளித்து, அவர்கள் கொடுக்கும் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே வரும்போதும் அப்படியே. நோய் தொற்றும் என்று பயம். ஒரு முட்டை ஓடுகூட வாசலைத் தாண்டக் கூடாது என்று சுவரில் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் டப்பாவோடு போனாள். வாரத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. ஒன்பது வருஷம். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தவர்களின் டப்பாவை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று. கருவை உப்புத் தண்ணீரில் மெல்லப் பிரித்தெடுத்து, அழுகாமலிருக்க ஃபார்மலினில் போட வேண்டும். சில நாள் கழித்துத் தலையை மட்டும் எடுத்து, ஸ்பிரிட்டில் படிப்படியாக ஊறவைத்து, உருகிய மெழுகில் முக்கி, ஆறவிட வேண்டும். மெழுகுக்கட்டிக்குள் மூளை கெட்டியாக உட்கார்ந்துவிடும். பிறகு சீவ வேண்டும். அதற்குக் கணவர் ஒரு கருவி செய்து கொடுத்தார். பெரிய நட்டு ஒன்றை ஒரு பலகையில் பதித்து, அடியிலிருந்து போல்ட்டு. நட்டின் குழிக்குள் மெழுகுக்கட்டி. போல்ட்டை ஒரு துளி திருப்பினால் மெழுகு ஒரு முடியளவு மேலே வரும். மேலே வந்ததைச் சவரப் பிளேடால் ஒரே இழுப்பில் சீவினால் ஒரு சீவல். பத்துச் சீவலில் ஒன்பது கிழியும், சுருளும், பறக்கும். பத்தாவதை வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தி, மெழுகைக் கரைத்து, சாயம் போடுவாள். ஹீமடாக்சிலின் என்று ஒரு நீலம், இயோசின் என்று ஒரு இளஞ்சிவப்பு. சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அவளுடைய பாட்டில்கள்தான். சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் ஸ்பிரிட் இருக்கிறது என்பது தெரியாமல் கணவர் ஒருமுறை வாயைப் பொசுக்கிக்கொண்டார். அது அவர் தவறு என்று தீர்ப்பாயிற்று.

மாடிவீட்டில் இருந்த நாத்தனார் அடிக்கடி இறங்கி வந்து எட்டிப் பார்ப்பாள். "கோழி மூளையில அப்படி என்ன அண்ணி இருக்கு? சின்ன மூளையத்தான் பாக்கணும்னா எங்க அண்ணன் இருக்காரே" என்பாள். அண்ணன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். ஏன் மூளை, இதயத்தைப் பார்க்கக் கூடாதா என்றும் கேட்டாள். இதயத்தில் ஒன்றுமில்லை, இரண்டாம் நாளே துடிக்க ஆரம்பித்து அதற்குப் பிறகு அதையேதான் செய்துகொண்டிருக்கும். மூளைதான் நாளுக்கு ஒரு வேஷம் போடும் என்று அவள் சொன்னாள்.

உண்மைதான். மூன்றாம் நாள் மூளை என்பது வரிசையாக ஐந்து குமிழ்தான். ஐந்தாம் நாள் நடுக்குமிழ் இரண்டாகப் பிதுங்கிவிடும். பத்தாம் நாள் சிறுமூளையில் முதல் மடிப்பு விழும். அதற்கு முன்னால் அது வழவழவென்றுதான் இருக்கும். நடுவில் ஒரு வெற்றிடம், அதைச் சுற்றிச் சுவர், சுவர் முழுக்க நீலப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சுவரின் உள்விளிம்பில் சில புள்ளிகள் மட்டும் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கும். ஒரு உயிரணு இரண்டு ஆகிற அந்த நொடியிலேயே ஃபார்மலின் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும். அதைத்தான் அவள் ஒவ்வொரு ஸ்லைடிலும் முதலில் தேடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோர மேஜை, கண்ணாடியில் வெயில். பதினொரு மணிவரை அவளை யாரும் கூப்பிடக் கூடாது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் சந்தோஷமாக இருந்தாள். வேறு எதற்காகவும் இல்லை, பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் கொண்டுவந்ததெல்லாம் விரிசல் விட்ட முட்டைகள். ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கிருமி புகுந்து மெஷினுக்குள் வெடித்துவிடும் என்று, எத்தனையாவது நாளானாலும், உயிரோடிருந்தாலும் அதை எடுத்துவிடுவார்கள். அதனால் கரு புதிதாக இருக்கும். தொட்டியில் போட்ட அரைவெளிச்ச முட்டைகளை அவள் தொடுவதே இல்லை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துக் கைவிட்டாள். செத்த கருவில் முதலில் கரைவது மூளைதான். கூழாகிவிடும், சாயம் பிடிக்காது, புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

சென்ற வருஷம் பழைய தட்டுகளை மாற்றி, மெத்தென்ற புதுப் பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. முட்டை உடைவது நின்றுபோயிற்று. மேனேஜருக்கு ஆனந்தம். அவளுக்கு மட்டும் விரிசல் முட்டை கிடைக்கவில்லை. மூன்று ஞாயிறு சும்மா கழிந்தது. நாலாவது வாரம், ஆசை யாரை விட்டது, தொட்டிக்குப் போக வேண்டிய ஒரு அரைவெளிச்சத்தையே எடுத்து டப்பாவில் வைத்தாள். கூழாக இருந்தால் இருக்கட்டும் என்று.

கூழாக இல்லை. ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு ஸ்லைடு வந்ததே கிடையாது. சுவர் எங்கும் கிழியவில்லை, நீலம் தெளிவாகப் பிடித்திருந்தது, உள்விளிம்பில் பிளக்கிற புள்ளிகளை எண்ணியே பார்க்கலாம் போலிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கை பழகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிளேடு பிடிக்கிற கோணத்தை மாற்றியதுதான் காரணம் என்று கணவரிடம் விளக்கினாள். அவர் தன் நட்டும் போல்ட்டும்தான் காரணம் என்றார். நடுவில் ஒன்றே ஒன்று கூழானதைத் தவிர, ஏழு வாரம் இப்படியே போயிற்று. ஏழு வாரமும் அவள் வேலைக்கு முணுமுணுப்பாக ஏதோ பாடிக்கொண்டு போனதாக நாத்தனார் சொல்கிறாள்.

அதே ஏழு வாரத்தில் பொரிப்பகத்தில் குஞ்சுக் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. இருட்டறையில் கழிவது அதிகமாயிற்று. மேனேஜர் மெஷின்காரரைப் பிடித்தார். மெஷின்காரர் என்பவர் ஆறு மெஷின்களின் சூட்டையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்கிறவர். பிறவியிலேயே இரண்டு கண்ணிமையும் பாதி இறங்கியே இருக்கும். விழித்துக்கொண்டிருந்தாலும் தூங்குகிற முகம். அவர் இல்லாத இடத்தில் அவருக்கு 'தூக்கம்' என்றுதான் பெயர். அப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் நான் தூங்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மூன்றாம் மெஷினின் பின்மூலை குளிர்கிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மெஷினின் முகப்பில் இருந்த எண் சரியான சூட்டையே காட்டியது. கதவைத் திறந்து மூலையில் தெர்மாமீட்டர் வைத்தார், குறைவாகக் காட்டியது. நீ கதவைத் திறந்தாய், சூடு வெளியே போயிற்று, குறையாமல் என்ன செய்யும் என்றார் மேனேஜர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சாப்பாட்டு அறையில் யாரோ சொல்ல, மேஜை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அதோடு நிற்கவில்லை. மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இவ்வளவு கழிகிறதே, எல்லாம் செத்ததுதானா என்று கேட்டார். கேள்வியே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சார், இருபத்திரண்டு வருஷமா பாக்குற கண்ணு இது" என்றாள்.

அது போதுமாக இருந்தது. முட்டை செத்திருக்கிறது, மெஷின் சரியாக இருக்கிறது, அப்படியானால் ஆள்தான் தூங்கியிருக்கிறான். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளுங்கள் என்று மெஷின்காரருக்குக் கடிதம் கொடுத்தார்கள். ஐம்பத்தாறு வயது ஆளுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்? அந்தத் தொழிலில் தூங்குகிறவர் என்று பெயர் கெட்டால் வாசலில் காவலுக்குக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் பத்தாம் நாள் ஸ்லைடுகளை வரிசையாக அடுக்கினாள். பழைய விரிசல் முட்டை ஸ்லைடு ஒன்று, புதிய அரைவெளிச்சம் பன்னிரண்டு. புதியவை எவ்வளவு அழகு என்று ஒருமுறை ஒப்பிட்டு மகிழலாம் என்பதுதான் எண்ணம். பழையதில் சிறுமூளையில் மடிப்பு விழுந்திருந்தது. புதியதில் இல்லை. வழவழவென்று இருந்தது. தேதியைத் தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்தாள். அடுத்ததைப் பார்த்தாள், அதிலும் மடிப்பு இல்லை. பன்னிரண்டில் பதினொன்று எட்டாம் நாள் மூளை. அவள் கைப்பட எழுதிய சீட்டோ பத்தாம் நாள் என்றது.

இருட்டறையில் தட்டின் அட்டையைப் படிப்பது அவள் வேலையல்ல. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவருகிற முட்டைக்கு மட்டும் எந்த மெஷின், எந்த இடத்துத் தட்டு என்று அட்டையைப் பார்த்து எழுதி வைப்பாள்; அது அவளுடைய சுத்தம். இப்போது அந்தச் சீட்டுகளைப் படித்தாள். பதினொன்றும் மூன்றாம் மெஷின், பின்மூலை. கூழாக இருந்த பன்னிரண்டாவது மட்டும் ஐந்தாம் மெஷின்.

மறுபடி கண்ணை வைத்தாள். உள்விளிம்பில் புள்ளிகள் பிளந்துகொண்டிருந்தன. செத்த உடம்பில் எதுவும் பிளக்காது. ஃபார்மலினில் அவள் போடுகிற நிமிஷம்வரை அந்த மூளை வளர்ந்துகொண்டிருந்தது. குளிர்ந்த மூலையில் மெதுவாக, இரண்டு நாள் பின்தங்கி, ஆனால் ஒழுங்காக வளர்ந்துகொண்டிருந்தது. பத்தாம் நாளுக்குரிய இருட்டு இன்னும் வராததால் அரைவெளிச்சமாகத் தெரிந்தது. அவள் முக்கால் நிமிஷத்தில் பொறுக்கித் தொட்டியில் போட்டாள். தன் கைதான் திருந்திவிட்டது என்று ஏழு வாரம் சந்தோஷப்பட்டாள். ஒன்பது வருஷமாக மூளை பார்க்கிறவளுக்கு, கண்முன்னால் உயிர் இருந்தது தெரியவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஸ்லைடு முன்பைப் போலவே அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. அவள் மட்டும் கை வைக்காமல் இருந்திருந்தால், இருபத்தோராம் நாள் எல்லாத் தட்டிலும் குஞ்சு வந்து, மூலைத் தட்டுகளில் மட்டும் தாமதமாக வந்திருக்கும். மூலைதான் கோளாறு என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். மூலையின் குற்றத்தை மூடி மறைத்ததே அவளுடைய வேகம்தான்.

கணவரிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அது எப்போதாவதுதான் நடக்கும். முட்டை கொண்டுவந்தது தெரிந்தால் அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல், மூலை குளிர்கிறது, எனக்கும் சந்தேகமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிப் பார் என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை அவர் சொன்னபடியே செய்தாள். மேனேஜர் சிரித்தார். அந்த ஆள்மேல் இரக்கப்பட்டு வந்திருக்கிறீர்கள், தெரிகிறது, ஆனால் செத்தது என்று சொன்னதே நீங்கள்தானே என்றார். அவள் வாசல்வரை வந்தாள். வாசலுக்கு எதிரே மெஷின்காரர் தன் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு சோப்பு, ஒரு சீப்பு, கதவுப்பூட்டு ஒன்று. அவள் திரும்பி உள்ளே போனாள்.

"செத்ததுன்னு நான் தூக்கிப் போட்டதெல்லாம் உயிரோட இருந்தது சார். வீட்டுக்குக் கொண்டு போய் வெட்டிப் பாத்திருக்கேன்."

மேனேஜருக்கு முதல் பாதி காதில் ஏறவில்லை. வீட்டுக்கா என்றார். ஆமாம் என்றாள். எத்தனை நாளாக என்றார். ஒன்பது வருஷம் என்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கணவரின் ஸ்கூட்டரில் மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் வெளிவாசல் அலுவலக அறையில், ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். மேனேஜர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கறுப்பாக, முள்முள்ளாக ஏதோ தெரிகிறது, இதுவா மூளை என்றார். அது உங்கள் கண்ணிமை சார் என்று அவள் சொல்ல வேண்டியதாயிற்று. புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் இமையைத்தான் பார்ப்பார்கள். அடுத்து மெஷின்காரர் குனிந்தார். இமை இறங்கிய அந்தக் கண்ணை லென்ஸில் பொருத்த அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அசையாமல் நின்றார். எந்த மூலை என்று மட்டும் கேட்டார். பின்மூலை, சுவர்ப்பக்கம் என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. புரியாததை நம்பாதவர், அவ்வளவே. முட்டையே சொல்லட்டும் என்றார். அந்த வாரம் வந்த ஒரு தொகுதியில், மூன்றாம் மெஷினின் மூலைத் தட்டுகளில் அரைவெளிச்சம் என்று அவள் அடையாளம் காட்டியவை இருநூற்று எண்பத்தாறு. ஒன்றைக்கூட எறியாமல், பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்கள். மெஷின்காரரை அதுவரை இருக்கச் சொன்னார்கள்.

இருபத்தோராம் நாள் மற்ற தட்டுகளில் குஞ்சுகள் வந்தன. எண்ணிப் பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். கோடு போட்ட முட்டைகள் சும்மா இருந்தன. மேனேஜர் அவளைப் பார்த்தார். இருபத்திரண்டாம் நாள் மதியம்வரை ஒன்றுமில்லை. மூன்று மணிக்கு மெஷின்காரர் வந்து, உள்ளே சத்தம் கேட்கிறது என்றார். இருபத்துமூன்றாம் நாள் காலையில் இருநூற்று முப்பத்தொரு குஞ்சுகள் தட்டில் நின்றன. ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை.

அவள் சொன்னது உண்மையாயிற்று. இப்படி ஒரு உண்மை யாருக்கு வேண்டும்? லாரி போய்விட்டிருந்தது. தாமதமாக வருகிற குஞ்சுகளை வாங்க ஆள் கிடையாது. பொரிப்பகத்தில் அதற்கு ஒரே வழிதான். மதியத்துக்குள் இருநூற்று முப்பத்தொன்றும் பின்கட்டுக்குப் போயின. எடுத்துக்கொண்டு போன பெட்டிகளில் இரண்டை அவள்தான் தூக்கினாள். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

மெஷின் கம்பெனிக்காரர்கள் வந்து பின்சுவரைக் கழற்றினார்கள். மூலைக்குக் காற்றடிக்கும் விசிறியின் பெல்ட் தளர்ந்து, சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பெல்ட்டை மாற்ற இருபது நிமிஷம். மெஷின்காரரின் கடிதத்தை மேனேஜர் திரும்ப வாங்கிக் கிழித்தார். அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இனிமேல் டப்பாவைத் தினமும் வாசலில் திறந்து காட்ட வேண்டும். வேலையிலிருந்து நீக்கவில்லை. முக்கால் நிமிஷத்தில் ஒரு தட்டு முடிக்கிற ஆளுக்கு அவர் எங்கே போவார்?

சாப்பாட்டு அறையில் மெஷின்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"மூலை குளிருதுன்னு நான் சொன்னப்போ நீயும்தானேம்மா சிரிச்ச" என்றார்.

"ஆமாண்ணே" என்றாள். அவர் தன் டப்பாவைத் திறந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்த ஞாயிறு அவள் மைக்ராஸ்கோப்பை எடுக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். மூலையில் பன்னிரண்டு தட்டு. தட்டுக்கு இருபத்துநாலு என்று வைத்துக்கொண்டாள். வாரத்துக்கு இரண்டு தொகுதி, ஏழு வாரம். நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. கோழிதானே அண்ணி, எப்படியும் ஆறு வாரத்தில் வெட்டத்தானே போகிறார்கள் என்று நாத்தனார் சமாதானம் சொன்னாள். அது சரிதான் என்று அவளுக்கும் தெரிந்தது. சரியாக இருந்தும் அழுகை வந்தது. கணவர் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அதில் சர்க்கரை இல்லை. அவள் கேட்காமல் குடித்தாள்.

திங்கட்கிழமை இருட்டறையில் முதல் தட்டு மேஜைக்கு வந்தது. இருட்டு, இருட்டு, இருட்டு, நடுவில் ஒரு பளிச். அதை எடுத்துத் தொட்டியில் போட்டாள். அதற்கு நாலு முட்டை தள்ளி ஒரு அரைவெளிச்சம் இருந்தது. கை அதன்மேல் போய் நின்றது. எடுத்தாள், தொட்டிப் பக்கம் கொண்டுபோகவில்லை. மேஜையின் வெளிச்சத்துக்கு மேலே பிடித்து, உள்ளே தெரிந்த நிழலையே பார்த்தபடி மெல்லத் திருப்பினாள். பின்னால் வண்டியில் தட்டுகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. பக்கத்துப் பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி போய் மேனேஜரைக் கூட்டி வந்தாள்.

மெஷின் சரியாகிவிட்டது, பெல்ட் புதுசு, இனிமேல் அரைவெளிச்சம் என்றால் செத்ததுதான், நீங்கள் பழையபடி எடுத்துப் போடலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அவள் தலையசைத்தாள். ஆனால் முட்டையைக் கீழே வைக்கவில்லை.

"என்னக்கா?" என்றார். இந்தத் தடவை இருமவில்லை.

"இருங்க சார். இன்னும் அசையல."